கிழித்துப் போட்ட காசோலை

சென்ற மாதம் அப்பாவைப் பார்க்கச் செலண்டாருக்குப் போயிருந்தேன். அம்மா போன பிறகு அங்கே தனியாகத்தான் இருக்கிறார். முப்பது வருடங்களுக்கு மேல் கித்தா மரம் சீவியவர். பெரட்டுக்களத்தில் அவர் இருந்தால் சிரிப்புச் சத்தம் ஓயாது என்பார்கள். இப்போது "பசியாறிட்டீங்களாப்பா?" என்றால், "ம்" என்கிறார். அவ்வளவுதான்.

பொழுது போகட்டும் என்று 2010இல் வெளிவந்த 'ரெட்' படத்தைப் போட்டேன். பணி ஓய்வு பெற்ற உளவாளிகளின் கதை.

"சித்திரக்கதையில இருந்து எடுத்த படம்பா."

"இரும்புக்கை மாயாவி மாதிரியா?" என்றார். 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய அந்த உளவாளியை, வாலிப வயதில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து படித்தவர் அவர். பல நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம்.

படத்தில் புரூஸ் வில்லிஸ் முன்னாள் சிஐஏ ஆள். ஓய்வூதியக் காசோலை தபாலில் வருகிறது. வந்ததும் கிழித்துப் போடுகிறார். பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டு, "காசோலை வரவில்லை" என்கிறார். அங்கே பேசும் பெண்ணின் குரலைக் கேட்கத்தான் அத்தனையும்.

அப்பா மெல்லச் சிரித்தார். "அவனுக்குக் காசு வேணாம் தம்பி. பேச ஆளு வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. வாரம் தவறாமல் அப்பாவிடமிருந்து போன் வரும். "டிவி தெரியல தம்பி." ஆள் அனுப்பிப் பார்த்தேன், பழுது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். "சும்மா சும்மா போன் பண்ணாதீங்கப்பா, வேலையில இருக்கேன்" என்று ஒருநாள் எரிந்தும் விழுந்தேன். அதன் பிறகுதான் அவர் பேச்சு குறைந்தது. அதே டிவியில்தான் இப்போது படம் ஓடிக்கொண்டிருந்தது, பளிச்சென்று.

வாரன் எல்லிஸ் எழுதி, கல்லி ஹாம்னர் வரைந்த மூலக்கதை மூன்றே இதழ்தான். அதில் நாயகன் ஏறக்குறைய தனி ஆள். இரத்தமும் இருட்டுமாகப் போகும் கதை. படமெடுத்தவர்கள்தான் அவருக்குக் கூட்டாளிகளைக் கொடுத்தார்கள். முதியோர் இல்லத்தில் மோர்கன் ஃபிரீமன், யாரையும் நம்பாத ஜான் மல்கோவிச், துப்பாக்கியைக் கைவிடாத ஹெலன் மிர்ரன். ஆவணக் காப்பாளராக வந்த எர்னஸ்ட் போர்க்னைனுக்கு அப்போது 93 வயது. நம் 'விக்ரம்' (2022) படத்தில், வீட்டு வேலை செய்யும் அம்மா திடீரென்று ஏஜெண்ட் டீனாவாக எழுந்து நின்றபோது நாம் கைதட்டினோமே, அதே மகிழ்ச்சி. ஓய்ந்துவிட்டார் என்று நாம் நினைத்த ஆளைத் தேடி ஒருவர் வந்தால் போதும், எழுந்துவிடுகிறார்கள்.

படம் முடிந்ததும், "உங்க கூட்டாளிங்க எல்லாம் எங்கப்பா?" என்று கேட்டேன். கித்தாவை அழித்துச் செம்பனை போட்டபோது தோட்டத்து ஆட்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். ஒருவர் ஜாசினில், ஒருவர் தங்காக்கில் என்று விரல்விட்டுச் சொன்னார்.

மறுநாள் ஜாசினுக்கு அழைத்துப் போனேன். இரண்டு கிழவர்களும் யார் மரத்தில் பால் அதிகம் என்று மத்தியானம் வரை சண்டை போட்டார்கள். நான் வெளியே காடியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் சிரிப்பு அங்கு வரை கேட்டது.

போன வாரம் மறுபடியும் போன். "டிவி தெரியல தம்பி."

"அப்படியாப்பா? சரி, வேற என்ன சேதி, சொல்லுங்க" என்றேன்.

அரை மணி நேரம் பேசினோம். டிவியைப் பற்றி அப்புறம் இருவருமே கேட்கவில்லை.