அப்பா தேடிக் கொடுத்த 10 மில்லிமீட்டர் தோல்!

பெங்களூரிலிருந்து வந்த பஸ் வாணியம்பாடி பேருந்து நிலையத்தில் நின்றபோது இரவு ஒன்பது மணி. இறங்கிய அந்த 24 வயது இளைஞனின் தோளில் நீளமாக ஒரு கறுப்புப் பை. மீன் பிடிக்கும் தூண்டிலா, இசைக்கருவியா என்று ஆட்டோக்காரர் கேட்டார். அவன் சிரித்து மழுப்பினான். வீட்டிலும் அப்படி மழுப்ப முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

உள்ளே இருந்தது ஸ்னூக்கர் ஆடும் க்யூ. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அவனுக்கு அது பாதி மாதச் சம்பளத்துக்கும் மேல். ஏழு மாதம் சீட்டு கட்டிச் சேர்த்த பணம்.

அப்பா பையைப் பார்த்தார். திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னாடா இது, குச்சி?"

அதன் பிறகு பல வாரங்கள் அந்தக் குச்சியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது

அப்பாவுக்கு ஆட்டம் பிடிக்காது என்பதல்ல. ஆட்டம் நடக்கும் இடம் பிடிக்காது. 18 வயதில் டேனரிக்குள் போனவர் அவர். 1996-ல் உச்ச நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் தொழிற்சாலைகள் இயங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் காப்பாற்ற வந்த தீர்ப்பு அது. அவர் வேலை பார்த்த டேனரியும் சில மாதங்கள் மூடிக் கிடந்தது. வேலையில்லாத அந்த நாட்களில், வேலையில்லாத மற்றவர்களோடு சீட்டாட உட்கார்ந்தார். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அது திரும்பி வர இரண்டு வருடம் ஆனது.

இது மகனுக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா சொன்னதில்லை. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் எந்த இடமும் அவர் கண்ணுக்கு அந்தச் சீட்டாட்டத் திண்ணையாகத்தான் தெரிந்தது.

ஆனால், ஸ்னூக்கருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு வேறு மாதிரியானது. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் இது. இதன் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டது, 1880-களில் நம்ம ஊட்டி கிளப்பில். 2025 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன், தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதிப் போட்டியில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று வென்று பட்டம் வாங்கினார். அந்தச் செய்தியை அவன் போனில் அப்பாவுக்குக் காட்டினான். அவர் முழுதாகப் படித்தார். "நல்லது" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

க்யூவை எப்படித் தேர்ந்தெடுத்தான்?

பார்லரில் பொதுவாக வைத்திருக்கும் க்யூக்களில் ஒன்று கனமாக இருக்கும், ஒன்று வளைந்திருக்கும். இன்றைக்குக் கிடைத்தது நாளைக்குக் கிடைக்காது. கை ஒரே க்யூவுக்குப் பழகினால்தான் ஆட்டம் முன்னேறும் என்று பார்லரில் ஆடும் மூத்த அண்ணன் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்குப் போகும் முன் அவர் சொன்ன பாடம் இதுதான்.

முதலில் நீளம். பெரும்பாலான ஸ்னூக்கர் க்யூக்கள் 57, 58 அங்குலம். நிமிர்த்தி வைத்தால் ஏறக்குறைய தோள்பட்டை வரை வர வேண்டும். அடுத்து எடை. 17, 18 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவை ஒட்டி இருந்தால் பலருக்கும் சரிப்படும். பிறகு மரம். முன்பகுதி ஆஷ் அல்லது மேப்பிள். ஆஷ் மரத்தில் ரேகைகள் அம்பு முனைபோலத் தெரியும். குறி பார்க்க அது உதவும் என்பார்கள். மேப்பிள் வழவழவென்று இருக்கும். கைப்பிடிப் பகுதியில் கருங்காலி போன்ற கனமான மரத்தைச் சேர்ப்பார்கள்.

ஒற்றைத் துண்டாக வரும் க்யூவை பஸ்ஸில் கொண்டுபோவது கஷ்டம். நடுவில் மூட்டு உள்ளதும் உண்டு, முக்கால் பாகத்தில் மூட்டு உள்ளதும் உண்டு. அவன் முக்கால் மூட்டு வாங்கினான். வாங்கும் முன் மேஜையில் உருட்டிப் பார்த்தான். முனை துள்ளாமல் உருண்டால் க்யூ நேராக இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவைக்கக் கூடாது. மரம் வளைந்துவிடும்.

எல்லாமே அந்த முனையில்தான்

இத்தனை செலவு செய்தாலும், பந்தைத் தொடுவது மரம் இல்லை. முனையில் பித்தளை வளையத்தின் மேல் ஒட்டியிருக்கும் 9 அல்லது 10 மில்லிமீட்டர் அகலத் தோல் துண்டு. அதன் பெயர் டிப். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸைச் சேர்ந்த மிங்கோ இதைப் புகழ்பெறச் செய்தார். வெறும் மரமுனை பந்தில் வழுக்கும். தோல் பந்தைப் பிடிக்கும், சாக் பவுடரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பந்தை முன்னே உருட்டவும், பின்னே இழுக்கவும், பக்கவாட்டில் சுழற்றவும் முடிவது அதனால்தான்.

டிப்பில் இரண்டு வகை. ஒன்று, ஒரே தோலில் வெட்டிய ஒற்றைத் துண்டு. விலை குறைவு, ஆனால் ஒரே பெட்டியில் ஒன்று கல்லாக இருக்கும், ஒன்று பஞ்சாக இருக்கும். இன்னொன்று, மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டியது. அது ஒரே சீராக இருக்கும், விலை பல மடங்கு. அடுக்கு டிப்கள் பலவும் பன்றித் தோலில் செய்யப்படுபவை. வேண்டாம் என்பவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. மிருதுவான டிப் சுழற்சிக்குக் கைகொடுக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்து காளான்போல விரியும். கடினமான டிப் நெடுநாள் உழைக்கும், ஆனால் சாக்கைச் சரியாகப் பிடிக்காவிட்டால் வழுக்கும்.

அவன் வாங்கியது 50 ஒற்றை டிப்கள் உள்ள பெட்டி. வேலூரில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். அதற்கு ஐந்து நாள் முன்பு பழைய டிப் பிய்த்துக்கொண்டு வந்தது. புதிதாக ஒட்டியது பஞ்சு. இரண்டே நாளில் விரிந்துவிட்டது. அதையும் பிடுங்கிவிட்டு, கூடத்தில் பெட்டியைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது இன்னா தோலு?"

அப்பா பின்னால் நின்றிருந்தார்.

"மாட்டுத் தோல்னு நினைக்கிறேன்ப்பா."

அவர் உட்கார்ந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். டேனரியில் அவர் செய்தது தரம் பிரிக்கும் வேலை. முதுகுத் தோல் இறுக்கமாக இருக்கும், வயிற்றுத் தோல் தொளதொளவென்று இருக்கும் என்பதைக் கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவார். ஒரு டிப்பை எடுத்தார். ஓரத்தில் நகத்தை அழுத்தினார். பள்ளம் உடனே மேலெழும்பவில்லை. ஓரமாக ஒதுக்கினார். அடுத்தது. சிலவற்றைத் தரையில் போட்டு சத்தம் கேட்டார். 'டொக்' என்று கனமாக விழுந்தது ஒரு பக்கம், 'டிக்' என்று துள்ளியது இன்னொரு பக்கம்.

அரை மணி நேரத்தில் 50-ல் ஆறு மட்டும் அவர் உள்ளங்கையில் இருந்தன.

"இது எல்லாம் முதுகு. நார் இறுக்கமா இருக்குது. மத்தது வயிறோ கழுத்தோ, தாங்காது."

"மேல் பக்கம் எதுப்பா?"

"இது சதைப் பக்கம். இதைக் கீழ வெச்சு ஒட்டு."

பித்தளை வளையத்தை மெல்லிய உப்புத்தாளில் சமமாகத் தேய்த்து, பசை வைத்து, டிப்பை அழுத்தினான். க்யூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டது அப்பா. பசை நன்றாக இறுகியதும் வளையத்துக்கு வெளியே நீண்டிருந்த தோலைப் பிளேடால் சீவினான். பிறகு மேற்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு வளைவுக்குக் கொண்டுவந்தான். புது டிப் படிய சில மணி நேர ஆட்டம் வேண்டும். இரண்டு நாள் இருந்தது.

"ஒரு மணிக்கு எவ்வளவு வாங்குறான் அங்க?" என்றார் அப்பா திடீரென்று. சொன்னான். "பந்தயம் கட்றாங்களா?"

"சில பேர் கட்றாங்க. நான் கட்டினதில்லப்பா."

அப்பா வெகுநேரம் க்யூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா கம்மல் கதை தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்போ சரி."

அந்த விஷயத்தை அவர் வாயிலிருந்து அவன் கேட்டது அதுதான் முதல் முறை.

வேலூர் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றான். எதிரே ஆடியவர் பத்து வருட அனுபவசாலி. தோற்றதில் அவனுக்கு வெட்கமில்லை. மூன்று ஃபிரேமில் ஒருமுறைகூட டிப் வழுக்கவில்லை.

இரவு வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை.

"தோலு தாங்குச்சா?"

"தாங்குச்சுப்பா."

"மீதி அஞ்சு டப்பாவுல இருக்குது. ஈரம் படாம வை" என்று சொல்லிவிட்டு, சாப்பிட எழுந்து உள்ளே போனார்.