மப்பும் மந்தாரமும்

கடந்த 2 மாதங்களாக நான் இங்கு எதுவும் எழுதவில்லை. காரணம் கேட்ட நண்பர்களிடம், உடல் எடையைக் குறைப்பதற்கான சத்திரசிகிச்சை செய்துகொண்டேன் என்று மட்டும் கூறினேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

நீரிழிவும் முழங்கால் வலியும் முற்றியதால், இரைப்பையின் ஏறத்தாழ 80 வீதத்தை அகற்றும் சிகிச்சைக்கு உடன்பட்டேன். காயம் விரைவில் ஆறியது. ஆனால் மூன்றாவது வாரத்தில் தலை மப்பும் மந்தாரமுமாகிவிட்டது. பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்தை மூன்று முறை வாசித்தும் பொருள் மனதில் தங்கவில்லை. குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டும் போலிருந்தது.

அந்நாட்களில் மூத்த பத்திரிகையாளர் ஒருவர் காலமானார். அஞ்சலிக் குறிப்பு கேட்டார்கள். அரைப் பக்கம் எழுத 2 நாட்கள் சென்றன. அதிலும் காலமானவரின் பெயருக்குப் பதிலாக, உயிரோடிருக்கும் அவருடைய தம்பியின் பெயரை ஓரிடத்தில் எழுதியிருந்தேன். உதவி ஆசிரியரான இளைஞர் ஒருவர் அதைக் கண்டுபிடித்து, மிகுந்த தயக்கத்துடன் தொலைபேசியில் கூறினார். நாற்பது வருடங்களாகப் பிறர் பிழைகளைத் திருத்தியவன் நான். அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் தாயார் கடைசிக் காலத்தில் எங்கள் பெயர்களை மறந்துபோனார். எனக்கும் அறளை பெயர்ந்துவிட்டதோ என்று அஞ்சினேன்.

மறுநாள் வைத்தியரிடம் சென்றேன். அவர் மூன்று கேள்விகளே கேட்டார். எவ்வளவு நீர் அருந்துகிறீர்கள்? வாந்தி உண்டா? விற்றமின் குளிசைகளை ஒழுங்காக எடுக்கிறீர்களா? கணக்குப் பார்த்தால் நான் அருந்தியது நாளுக்கு அரை லீற்றர்கூட இல்லை. வாந்தி அடிக்கடி வந்தது. குமட்டுகிறது என்று குளிசைகளை நானே நிறுத்தியிருந்தேன்.

விற்றமின் பி1 எனப்படும் தயமின் உடலில் சில வாரங்களுக்கே சேமிப்பில் இருக்கும் என அவர் விளக்கினார். வாந்தியும் சேர்ந்தால் அது விரைவாகத் தீர்ந்துவிடும். கவனியாது விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம். உடனே ஊசி மூலம் தயமின் ஏற்றினார்கள்.

இந்தக் குறைபாட்டால் வரும் நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். "முடியாது, முடியாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாக அகராதிகள் கூறுகின்றன. ஜாவாவில் தீட்டிய அரிசி உண்ட கோழிகளிடம் இதையொத்த நோயைக் கண்டறிந்த எய்க்மான் என்ற ஒல்லாந்த வைத்தியருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. என் நிலையும் அந்தச் சொல்தான்: முடியாது, முடியாது. அதனைச் சோம்பல் என்றும் முதுமை என்றும் எண்ணி, வெட்கத்தால் மறைத்தேன். அதுவே என் தவறு.

இப்போது நாளுக்கு ஒன்றரை லீற்றர் நீரை மிடறு மிடறாக அருந்துகிறேன். சாப்பாட்டுடன் அருந்துவதில்லை. அரை மணி நேரம் கழித்தே அருந்துகிறேன். முட்டை, மீன், பயறு என 60 கிராம் புரதமாவது சேர வேண்டும். "இஞ்சாருங்கோ, குளிசை போட்டாச்சோ?" என்ற குரல் தினமும் சமையலறையிலிருந்து வருகிறது. காலையில் ஒரு மணி நேரம் எழுதுகிறேன். மதியம் உறங்குகிறேன். பணவிடயங்களைச் சில காலம் மகளிடம் ஒப்படைத்துள்ளேன்.

இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள் வாந்தியோ தடுமாற்றமோ தொடர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். களைப்பு முற்றாக நீங்கவில்லை. இதனை எழுத 4 காலைகள் தேவைப்பட்டன.