காலடியில் ஒரு சுவிட்ச்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தெரு ஒன்றில், 1952ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் கார் நிற்கிறது. துறைமுக அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதன் உரிமையாளர். மழைக்காலம் தொடங்கி அவர் அதனை இரவில் ஓட்டுவதில்லை. முகப்பு விளக்கின் ஒளி தாழ மறுத்ததே காரணம். ஒரு மாலையில், எதிரே வந்த மிதிவண்டிக்காரர் கண் கூசித் தடுமாறி விழுந்தார். முழங்கைச் சிராய்ப்புடன் அவர் எழுந்து சென்றுவிட்டார். பெரியவருக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இன்றைய கார்களில் ஒளியைத் தாழ்த்தும் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. மோரிஸ் மைனரில் அது தரையில், இடக்காலால் மிதிக்கும் குமிழாக அமைந்துள்ளது. ஒருமுறை மிதித்தால் ஒளி தாழும். மறுமுறை மிதித்தால் உயரும். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் இது 'பேபி இந்துஸ்தான்' என்னும் பெயரில் உருவாயிற்று. சுவிட்சைத் தரையில் வைப்பது அக்காலத்துப் பரவலான வழக்கமே. ஆயினும், மழைநீர் முழங்காலளவு தேங்கும் நகரத்துக்கு அது ஏற்ற இடமன்று.

"வீட்டுச் சுவிட்ச் ஒன்றை மாட்டிவிடலாமே, அப்பா" என்றார் மகன். பெரியவர் பேத்தியின் கணக்கேட்டை வாங்கி எழுதிக் காட்டினார். இரு விளக்குகளும் சேர்ந்து 84 வாட். வீட்டின் 230 வோல்ட்டில் அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டா. காரின் 12 வோல்ட்டிலோ 7 ஆம்பியர் பாய வேண்டும். 5 ஆம்பியருக்கெனச் செய்த சுவிட்ச் அதைத் தாங்காமல் சூடேறும். ஏழாம் வகுப்பில் படிக்கும் பேத்தி, வகுத்தலைத் தானும் செய்து பார்த்த பின்னரே ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை இருவரும் மல்லிக் பஜாருக்குச் சென்றனர். பழைய கார்களின் உறுப்புகள் குவியல் குவியலாகக் கிடக்கும் இடம் அது. முதற்கடையில் கிடைத்த சுவிட்சின் திருகுத் துளைகள் பொருந்தவில்லை. இரண்டாம் கடையில் கிடைத்தது புத்தம் புதிது. ஆனால் உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் தகடு காகிதம்போல் மெலிந்திருந்தது. மூன்றாம் கடையின் முதிய மிஸ்திரி, "புதியது எதற்கு, தாதா? பழையதைக் கழற்றி வாருங்கள்" என்றார். வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன். சிறுமியாய் இருந்தபோது, ஊரார் அனைவரும் தன் தாத்தாவையே உறவு கொண்டாடுவதாகப் பேத்தி எண்ணியதுண்டு. 'மிஸ்திரி'யும் நமக்கு அயற்சொல் அன்று. நம் 'மேஸ்திரி'யும் அதுவும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த உடன்பிறப்புகள்.

துருவேறிய திருகுகள் ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறிய பின்னரே இளகின. மறுவாரம் மிஸ்திரி, சுவிட்சின் விளிம்பில் மடிந்திருந்த தகட்டு நாக்குகளை மெல்ல நிமிர்த்தினார். உள்ளே சேறு, பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு, சுருள்வில் இரு துண்டாகிக் கிடந்தது. பெட்ரோலில் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தபோது முனைகள் மூன்றும் பளிச்சிட்டன. தகரப் பெட்டியில் தேடி எடுத்த வேறொரு சுருள்வில் சற்று நீளமாயிருந்தது. ஒரு சுற்றை வெட்டினார். குமிழ் முழுதும் இறங்கவில்லை. மேலும் அரைச் சுற்று வெட்டிய பின் 'டக்' என்று ஒலித்தது. நாக்குகளை மடிக்கும் வேலையைப் பேத்தியிடம் கொடுத்து, "பார்த்து, மகளே. இவை இன்னும் ஒருமுறை மடங்கும். அதற்கடுத்த முறை ஒடிந்துவிடும்" என்றார். அவள் கை நடுங்கியது. எனினும் ஒன்றும் ஒடியவில்லை.

வீட்டில், பழைய மிதிவண்டி ரப்பர்க் குழாயின் துண்டொன்றைக் குமிழின்மேல் போர்த்திப் பொருத்தினர். பேத்தி சுவரருகே நின்று, "தாழ்ந்தது! உயர்ந்தது!" எனக் கூவினாள், அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கும்வரை தாத்தா மிதித்துக்கொண்டே இருந்தார்.

அன்றிரவு எட்டு மணிக்கு, ஐந்து மாதங்களுக்குப் பின், கார் தெருவில் இறங்கியது. ஏரிக்கரைச் சாலையில் எதிரே ஒரு மிதிவண்டி வந்தது. பெரியவரின் இடக்கால் அழுந்தியது. ஒளி தரையை நோக்கித் தாழ்ந்தது. மிதிவண்டிக்காரர் திரும்பியும் பாராமல் கடந்து போனார்.