கொண்டு வந்தது

படிப்புக்கென்றோ தொழில் பழகவென்றோ தூர தேசம் போய் வருகிறவர்களிடம் எங்கள் பக்கத்தில் கேட்கப்படுவது ஒரே ஒரு கேள்விதான். என்ன கொண்டு வந்தாய்? பெட்டிக்குள் இருக்கும் சாமான்களைப் பற்றிய விசாரணை அல்ல இது. விருதுநகரில் மல்லிக்கும் மிளகாய் வற்றலுக்கும் என்ன கணக்கோ அதே கணக்குதான் மனிதர்கள் போய் வருவதற்கும். போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. கல்விக் கடன் மனுவில் நாங்கள் கேட்பதும் வேறு வார்த்தைகளில் இதையேதான்.

கேள்விக்கு ஒரு மூலக்கதை இருக்கிறது. 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று உறவினர் இருவர் கல்கத்தா போனார்கள். அங்கே பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தீக்குச்சி செய்யக் கற்றுக்கொண்டார்கள். எட்டு மாதம் என்பது ஊரில் சொல்லும் கணக்கு. திரும்பி வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வறண்ட காற்று குச்சியும் மருந்தும் காய்வதற்கு வரமாயிற்று. இறக்குமதித் தீப்பெட்டிக்கு அந்தச் சமயத்தில் அரசாங்கம் போட்ட வரியும் கைகொடுத்தது. 1940ல் வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை ஏற்பட்டபின் பட்டாசு பெரிய தொழிலாயிற்று. லேபிள் அச்சடிப்பதற்காக வந்த பிரஸ்கள் காலண்டரும் டயரியும் அச்சடித்து நாடு முழுவதற்கும் அனுப்பின. சிவகாசி இன்று சாப்பிடுகிற சாப்பாட்டில் பெரும் பகுதி அந்த எட்டு மாதத்தின் விளைச்சல். இன்றைய பல்கலைக்கழகக் கணக்கில் சொன்னால் ஒன்றரை செமஸ்டர்கூட ஆகாது.

இந்தக் கதையை நான் சிறு வயதிலிருந்து எத்தனையோ வாயால் கேட்டிருக்கிறேன். அதில் எப்போதும் இல்லாமல் இருப்பது கல்கத்தா. போனார்கள், கற்றார்கள், வந்தார்கள். வினைச்சொற்கள் மட்டும்தான். அந்த நகரத்தின் மழை இல்லை, சாப்பாடு இல்லை, வங்காளி பேசும் தெருவில் ஒரு வார்த்தை புரியாமல் நின்றிருக்கக்கூடிய முதல் நாள் இல்லை. ஊருக்குப் பயன்படாததை ஊர் சலித்துக் கொட்டிவிட்டது. கல்கத்தாவில் அந்தக் கைத்தொழிலைப் பரப்பியவர்கள் 1910 வாக்கில் அங்கே வந்து குடியேறிய ஜப்பானியர்கள் என்ற செய்தியும் கதையோடு சேர்ந்து வரவில்லை. சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். குட்டி ஜப்பானின் கைவேலைக்கே ஜப்பானில் ஒரு வேர் உண்டு என்பது அந்தப் பெருமையில் சேரவில்லை.

விளைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தத் தொழில் இங்கே இயந்திரத்தை நம்பி வளரவில்லை, கையை நம்பி வளர்ந்தது. கைகளில் மலிவானவை குழந்தைகளின் கைகள். என் அக்கா எண்பதுகளில், எட்டு வயதில், தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனாள். பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக வைக்கிற வேலை. விடிவதற்கு முன் ஆபீஸ் பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986ல் வந்தது. சிவகாசி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996ல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் அக்கா வயதுக்கு வந்து பஸ்ஸில் போவதை நிறுத்தியிருந்தாள். இப்போதும் முருங்கைக்கீரை ஆய்கிறபோது அவள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குக் கல்கத்தா ஞாபகம் வரும்.

அந்த அக்காவின் மகள் 2024 அக்டோபரில் ஒரு செமஸ்டருக்காக ஜெர்மனி போனாள். பொறியியல் மூன்றாம் வருஷம். அவள் கல்லூரிக்கும் அங்கே கார்ல்ஸ்ரூவில் ஒரு கல்வி நிலையத்துக்கும் ஒப்பந்தம், படிப்புக் கட்டணம் கிடையாது. தங்கவும் தின்னவும்தான் பணம். ஆனால் ஜெர்மன் விசாவுக்குப் பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்குக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அந்த வருஷம் செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்தரை லட்சம். நமது பணம்தான் என்றாலும் மாதாமாதம் அளந்துதான் விடுவார்கள். அக்காவின் நகைகள் வேறொரு வங்கியின் பெட்டகத்துக்குள் போயின. அத்தான் பிரஸ்ஸில் மெஷின்மேன். ஹைடெல்பர்க் என்ற சொல்லை முப்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார், ஊரின் பெயராக அல்ல, மெஷினின் பெயராக. மகள் போகிற இடத்திலிருந்து ஹைடெல்பர்க் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் என்று தெரிந்ததும் நகைக்கான கடைசித் தயக்கமும் அவருக்குப் போய்விட்டது.

மார்ச்சில் வந்து சேர்ந்தாள். அத்தான் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா, ஹைடெல்பர்க் போனியா? மெஷின் செய்யிற எடத்தப் பாத்தியா?" போயிருந்தாள். கோட்டையைப் பார்த்தாள், நெக்கார் ஆற்றைப் பார்த்தாள், 1386ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைப் பார்த்தாள். மெஷின் செய்கிற தொழிற்சாலை ஊருக்கு வெளியே வீஸ்லோக்கில் இருக்கிறதாம், அங்கே போகவில்லை. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிரஸ்ஸில் கேட்டவர்களுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

தெருவுக்குச் சாக்லேட் கொடுத்தாயிற்று. கல்லூரிக்கு ஒரு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெற்ற திறன்கள், பண்பாட்டுப் புரிதல், எதிர்காலப் பயன் என்று தலைப்புகள் போட்ட படிவம். அவள் எழுதியதை வாங்கிப் படித்தேன். குறை சொல்ல முடியாத ஆங்கிலம். எந்த நாட்டுக்குப் போன எந்த மாணவியும் எழுதியிருக்கலாம். வீட்டில் அதிகம் பேசவில்லை. உற்சாகமும் இல்லை, வருத்தமும் இல்லை. "அஞ்சர லட்சத்துக்கு வாய மூடிட்டு வந்திருக்கா" என்றாள் அக்கா.

ஏப்ரலில் ஒரு நாள் அவளும் நானும் சிவகாசியிலிருந்து விருதுநகருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு வெடி ஆபீஸ். வேலிக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள். ஒன்று போனாலும் அடுத்தது நிற்க வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி. அதைப் பார்த்துக்கொண்டே, "மாமா, அங்க வருஷக் கடைசியில மூணே நாள்தான் ஜனங்களுக்கு வெடி விப்பாங்க" என்று ஆரம்பித்தாள்.

டிசம்பர் 31 இரவு. விடுதிப் பெண்கள் இவளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு ஊரே தெருவில் நின்று கொளுத்துகிறது. குடித்தவன், குழந்தையைத் தோளில் வைத்தவன், கிழவிகள், எல்லோரும். பட்டாசு அவளுக்குப் புதிதல்ல, தீபாவளிக்கு நாமும்தான் வெடிக்கிறோம். ஆனால் முதலில் வெடித்த ஒன்று, அடிவயிற்றில் விழுகிற மாதிரி, ஒரே ஒரு பெரிய சத்தம். இவள் சட்டென்று திரும்பி உரக்கக் கேட்டிருக்கிறாள். "எந்தப் பக்கம்?"

எங்கள் ஊர்களில் பகலில் ஒரு பெரிய சத்தம் கேட்டால் கேட்கிற முதல் வார்த்தை அது. எந்தப் பக்கம். வாசலுக்கு ஓடி வந்து புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்போம். திசையை வைத்து ஊரை, ஊரை வைத்து ஆபீஸை, ஆபீஸை வைத்து யார் வீட்டு ஆள் அங்கே வேலைக்குப் போகிறது என்பதை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி விபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். அன்று இவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. டீச்சர் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே ஓடி நின்று கேட்டதும் அந்த வார்த்தையைத்தான்.

"தமிழ்லதான் கேட்டிருக்கேன், எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சுது. பக்கத்துல ஸ்பெயின்காரப் புள்ள. அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, சிரிச்சுக்கிட்டே மேல வானத்தக் காட்டுறா மாமா."

மறுநாள் காலை தெருவெல்லாம் காகிதக் குப்பை. ஒரு காலிப் பெட்டியைக் குனிந்து எடுத்திருக்கிறாள். சீனாவில் செய்தது. மெஷின்மேன் மகள் அல்லவா, லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். "கலரு எங்கயும் வெலகல. அப்பா பாத்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

பஸ் விருதுநகருக்குள் வந்துவிட்டது. இது ஏன் அறிக்கையில் இல்லை என்று கேட்டேன். "அதுல இதுக்கு எடமில்ல மாமா" என்றாள். உண்மைதான். படிவத்தை நானும் பார்த்தவன்.

என் எண்ணம் இது. அந்தச் சத்தம் தனக்குச் சத்தம் மட்டும் அல்ல என்பதை அவள் சிவகாசியில் இருந்துகொண்டு எந்தக் காலத்திலும் அறிந்திருக்க முடியாது. இங்கே எல்லோருக்கும் அது அப்படித்தான். அதைப் பார்த்து வானத்தைக் காட்டிச் சிரிக்கிற ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அங்கே போய் அவள் ஜெர்மனியைக் கண்டாளா என்று கேட்டால் ஐந்து மாதத்தில் யாரும் ஒரு நாட்டைக் காண்பதில்லை. வாரப் பத்திரிகைகளின் பயணக் கட்டுரைகள்தான் ஐந்தே நாளில் கண்டுவிடுகின்றன.

தமிழில் இந்த அனுபவத்துக்கு நியாயம் செய்தவர்கள் மிகச் சிலர். ஏ.கே. செட்டியார் முப்பதுகளில் டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். ஊர் கேட்கும் கேள்விக்கு அவரிடம் கெட்டியான பதில் இருந்தது. 1940ல் வெளிவந்த காந்தி படம். ஆனால் எனக்கு அதைவிட அவருடைய வசனம் முக்கியம். தன்னைக் கூடியவரை விலக்கிக்கொண்டு பார்த்ததைச் சிறு வாக்கியங்களில் வைத்துவிட்டு நகர்கிறவர். காமிரா அவருக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் என்றே நினைக்கிறேன். அசோகமித்திரன் விஷயம் வேறு. 1973ல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்தார். அதிலிருந்து வந்த ‘ஒற்றன்’ 1985ல்தான் நாவலாக வெளியாயிற்று. பத்து வருஷத்துக்கு மேல். அமெரிக்காவைப் பற்றி ஒரு தீர்ப்பையாவது எதிர்பார்த்து அதைத் திறக்கிற வாசகன் ஏமாந்து போவான். குளிர், சாப்பாடு, பக்கத்து அறைகளில் இருக்கும் வேறு வேறு தேசத்து எழுத்தாளர்கள், சரியாகப் புரியாமல் போகிற பேச்சுகள். இவ்வளவுதான். பெரிதாக எதுவும் கொண்டு வராத புத்தகம் என்று ஒரு நண்பர் என்னிடம் குறைப்பட்டார். அவர் விருதுநகர்க்காரர் அல்ல என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தெரியாமல் நிற்பதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத நேர்மைதான் அந்த நாவலின் சாதனை என்று படுகிறது.

நம் விமர்சனத்துக்கும் இது பொருந்தும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இங்கிலாந்து ஒரு செமஸ்டர் அல்ல, ஆறு செமஸ்டர். மே மாத விருதுநகரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து லண்டன் மூடுபனியைப் பற்றிக் குறிப்பெடுத்தவர்கள் நாம். பிறகு இருத்தலியல் வந்தது. 1982ல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றுக்குக் கணக்கில்லை. கருத்துகள் வந்தது தப்பென்று சொல்லமாட்டேன், வராமல் இருந்தால் இந்தப் பத்திரிகையும் இருந்திராது. ஆனால் புரியாமல் நின்ற முதல் நாள் நம் எழுத்தில் எங்கே இருக்கிறது? ஒரு பிரெஞ்சுக்காரனைப் படிக்கிறபோது நடுவில் தன்னையறியாமல் தமிழில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விழித்த விமர்சகனின் கட்டுரை ஒன்றையாவது நான் வாசிக்க ஆசைப்படுகிறேன். கல்கத்தாவுக்குப் போகாமலேயே தீப்பெட்டி ஆபீஸ் வைத்தவர்கள் நம்மில் அதிகம்.

அக்காவிடம் அவள் பிறகு இதைச் சொல்லியிருக்கிறாள். நான் அங்கே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது. ஸ்பெயின்காரப் பெண் சிரித்ததைப் பற்றி அக்காவுக்கு அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. அவள் கேட்டது, "அந்த வெடிய சீனாவுல யாரு செய்யிறா?" மகள் செல்போனில் தேடி எடுத்துக் காட்டினாள். ஹூனான் மாகாணத்தில் லியூயாங் என்று ஓர் ஊர், பட்டாசுக்குப் பேர்போனது. படங்களில் மலை, அடர்ந்த பச்சை, மேகம். அக்கா போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டு மழ பெய்யிற ஊர்ல எப்பிடிடீ காய வைக்கிறாளுக?" என்றாள்.