வளனா, வாலனா?

கணிப்பொறியின் திரையில் எழுத்துத் தோன்றுவதற்கு இருவகை முறைகள் உண்டு. ஒன்று எழுத்து முறை. மற்றொன்று பட முறை. கைப்பேசியைத் தடவி வளரும் இன்றைய பிள்ளைகளுக்கு இவ்வேற்றுமை தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆயினும் நமது பங்கு அலுவலகத்தின் மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றைக் குறித்துச் சில வாரங்களாக நாம் கவலைப்பட நேர்ந்தது. ஆகவே அதுபற்றி நம் குடும்பங்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

நெய்வேலி நகரியம் வந்து போகிறவர்களின் ஊர் என்பதை வாசகர் அறிவர். 1957-இல் சுரங்கவேலை தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்ட காலந்தொட்டு, தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்து சேர்ந்தன. பணி ஓய்வு பெற்றதும் கம்பெனி வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வட்டத்தில் முப்பது ஆண்டு வாழ்ந்தவர் ஒரே லாரியில் போய்விடுகிறார். பின்னொரு நாள், மகளின் திருமணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டுமென்று எங்கிருந்தோ கடிதம் வருகிறது. ஆண்டு சரியாக நினைவில்லை, எந்த வட்டம் என்பதும் நினைவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றின் பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டுமென்றும், பழைய ஏடுகளும் கவனமாகக் காக்கப்பட வேண்டுமென்றும் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் பிரிவு கூறுகிறது. நம் ஏடுகள் இரும்பு அலமாரியில் பத்திரமாக உள்ளன. ஆனால் எந்த ஏட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று காட்டுவது குடும்பப் பட்டியல். அது இருந்தது அந்தக் கணிப்பொறியில்.

பட்டியல்கள் இரண்டு. முந்தியது ஆங்கில எழுத்தில் ஆனது. அதில் ஒரு பையனின் பெயரை வளன் என்றும் படிக்கலாம், வாலன் என்றும் படிக்கலாம். வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் சூசையப்பருக்கு இட்ட அழகிய பெயர், ஆங்கில எழுத்துக்குள் நுழைந்ததும் வால் முளைத்து நிற்கிறது! சவரி என்பவரைச் சவாரி என்றும் படிக்க இடமுண்டு. சிரித்துவிட்டுப் போகலாம்; ஆனால் சான்றிதழில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றில் வேறொரு பெயரும் இருந்தால், அலைகிறவர் அந்தப் பிள்ளையின் தகப்பனார்.

அன்று தமிழில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று. திரையின் முறையே காரணம். ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட பி.சி.யில், எழுத்து முறையிலே திரையானது குறுக்கே 80 கட்டமும், மேலிருந்து கீழே 25 வரியுமாக 2000 கட்டங்களாகப் பிரிந்து நிற்கும். கட்டத்துக்கு ஓர் எழுத்து. எழுத்து வடிவங்கள் மொத்தம் 256. அவை முன்னரே சில்லில் பொறிக்கப்பட்டவை. அவற்றுள் தமிழ் இல்லை. அச்சகத்து எழுத்துப் பெட்டியில் இல்லாத எழுத்தை அச்சுக்கோப்பவர் எப்படிக் கோப்பார்? 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட அண்டிரிக் அடிகளாருக்குத் தமிழெழுத்தை வார்த்துக்கொள்ள முடிந்தது. இந்தப் பெட்டியோ பூட்டிய பெட்டி. தவிரவும், வண்ணத் திரைக்குரிய அன்றைய அட்டையில் ஒரு கட்டம் எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம். அதற்குள் மூன்று சுழி ‘ண’வை எழுதிப் பாருங்கள், பக்கத்தில் இரண்டு சுழி ‘ன’வையும் எழுதி, இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுங்கள் பார்ப்போம்.

பட முறையில் கட்டங்கள் இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றலாம், அணைக்கலாம். எந்த எழுத்தையும் கோலம் போடுவதுபோல் வரையலாம். இதில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றுண்டு. அமெரிக்காவில் ஆய்வுப் பட்டத்துக்கு உழைத்த வான் சுவன்னுகுல் என்னும் தாய்லாந்துக்காரர், தம் ஆய்வேட்டில் தாய் எழுத்தைப் பயன்படுத்த விரும்பினார். இருந்த அட்டைகள் இடங்கொடுக்கவில்லை. தாமே ஒன்றை அமைத்தார். 1982-இல் வெளிவந்த ஹெர்குலிஸ் அட்டை அதுவே. கறுப்பு வெள்ளைத் திரையில் 720-க்கு 348 புள்ளிகள் தந்த அவ்வட்டை உலகெங்கும் விற்றது. தாய்மொழியைக் கைவிட மனமில்லாத ஒரு மாணவரின் பிடிவாதம் பிற மொழிக்காரர்க்கும் உதவிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, கனடாவில் சீனிவாசன் செய்த ஆதமி, நம் நாட்டில் சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டை எனத் தமிழைத் திரையேற்றும் முயற்சிகளும் தொடர்ந்தன.

நம் பங்கிலும் ஒரு பெரியவர் இருந்தார். கம்பெனி அலுவலகத்தில் வேலை முடித்து, மாலையில் வந்து உட்கார்ந்து, இரண்டாம் பட்டியலைத் தமிழிலேயே ஏற்றினார். குடும்பத் தலைவர், பிள்ளைகள், பூர்வீக ஊர் என எல்லாம் அதில் உண்டு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து எழுந்து வந்த குடும்பங்களின் ஊர்ப் பெயர்களும் உண்டு. அந்த இடங்களில் இன்று பள்ளந்தான் இருக்கிறது.

பெரியவர் இறைவனடி சேர்ந்தார். பின்னர் கறுப்பு வெள்ளைத் திரையும் பழுதாயிற்று. யாரோ அன்புடன் ஒரு வண்ணத் திரையையும் அதற்கேற்ற வி.ஜி.ஏ. அட்டையையும் பொருத்திக் கொடுத்தார்கள். அதன்பின் ஆங்கிலப் பட்டியல் தெரிந்தது; தமிழ்ப் பட்டியலைத் திறந்தாலோ திரை இருண்டது. கெட்டுவிட்டது என்றே எல்லாரும் முடிவு கட்டினர். பழைய இரும்புக்காரர் விலையும் சொல்லிவிட்டார்.

டிப்ளமோ படித்த நம் பங்கு இளைஞர் ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்தார். எதையும் தொடுமுன் வட்டில் இருந்தவை அனைத்தையும் பிரதி எடுத்தார். இது நமக்கு மிகவும் பிடித்தது. பிறகு ‘மோட் சிஓ80’ என்று கட்டளை கொடுத்து வண்ண எழுத்து முறை ஒழுங்காயிருப்பதைப் பார்த்தார். ‘மோட் சிஓ40’ என்றதும் எழுத்துகள் இருமடங்கு அகலமாயின; நமது உபதேசியார் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார், அவர் கண்ணாடியின் கனம் அப்படி! கடைசியில் தமிழ் நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்த இளைஞர், “சாமி, இது இன்னும் ஹெர்குலிஸ் அட்டைக்கே எழுதிக்கொண்டிருக்கிறது. காலி செய்துவிட்டுப் போனவர் வீட்டுக்குக் கடிதம் போடுகிற மாதிரி” என்றார். வி.ஜி.ஏ. என்று ஒரு சொல்லை மாற்றினார். 640-க்கு 480 புள்ளிகளில் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. வளன், வளனாகவே இருந்தான்.

பழைய திரை வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. அக்காலக் கறுப்பு வெள்ளைத் திரைகளுக்குப் பொருந்தாத முறையைத் தந்தால் திரையே பழுதாவதுண்டு. பிந்திய திரைகள் இந்த முறை ஒவ்வாது என்று எழுதிக்காட்டி நின்றுவிடும். பழைய பெட்டியையே நம்ப விருப்பமில்லாவிடில், புதிய கணிப்பொறியில் டாஸ்பாக்ஸ் என்னும் இலவச நிரலுக்குள் பழைய நிரலை ஓட்டலாம். ஹெர்குலிஸ், சி.ஜி.ஏ., வி.ஜி.ஏ. என எதுபோல் நடிக்கச் சொன்னாலும் அது நடிக்கும். நம் பட்டியலின் பிரதியை இப்போது அதிலும் வைத்திருக்கிறோம்.

ஒரு தொல்லை மீதமிருக்கிறது. 1991 முதல் யூனிகோடில் தமிழுக்கு இடமிருந்தும், அந்தப் பழைய நிரல் தனக்கென்று ஒரு குறியீட்டை வைத்திருந்தது. ஆகவே அதன் கோப்பைப் புதிய நிரலில் திறந்தால் அர்த்தமற்ற குறிகளே வருகின்றன. திரையைப் பார்த்துக் கையால் மறுபடி ஏற்றுவதே வழி. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளைஞர் குழுப் பெண்கள் இருவர் அமர்கிறார்கள். ஒருவர் படிக்க மற்றவர் ஏற்றுகிறார். அகர வரிசையில் வேலை இப்போது ‘ச’வில் நிற்கிறது. சவரிமுத்துகள் மட்டுமே 11 பேர்.