ஆப்பிள் பூக்கும் பள்ளத்தாக்கின் மேலே ஈஸ்டர் வாரம்

புனித வெள்ளி

இத்தாலியின் வட எல்லையில் உள்ள தென் திரோல் மாகாணம் 1919ஆம் ஆண்டின் சான் ஜெர்மேன் உடன்படிக்கையால் ஆஸ்திரியாவிடமிருந்து கைமாறியது. அங்குப் பெரும்பான்மையோர் இன்றும் ஜெர்மன் மொழியே பேசுவதால், 1,370 மீட்டர் உயரத்திலுள்ள பிரென்னர் கணவாயைத் தாண்டி ஈஸ்டர் விடுமுறைக்கு வரும் மியூனிக் நகரக் குடும்பத்துக்கு நாடு மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. பெற்றோரும் இரு குழந்தைகளும் கொண்ட அத்தகைய குடும்பம் ஒன்று வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் சரிவில், ஆப்பிள் விளையும் உயரத்துக்கும் மேலே உள்ள மாட்டுப் பண்ணையில் தங்குகிறது. இத்தகைய தங்கலை இத்தாலியில் ‘அக்ரிதுரிஸ்மோ’, அதாவது வேளாண் சுற்றுலா, என்பர். வேளாண்மையே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாகவே இருக்கலாம் என்பது 1985 முதல் அந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. அம்மாகாண உழவர் சங்கம் ‘சிவப்புச் சேவல்’ என்ற அடையாளத்தின் கீழ் இப்பண்ணைகளை ஒன்றுசேர்த்து, விடுதிகளுக்குரிய நட்சத்திரங்களுக்குப் பதிலாகப் பூக்களால் தரம் பிரிக்கிறது.

சனி

ஜூன் மாதத்தில் ‘ஆல்ம்’ எனப்படும் உயர்மலை மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் செல்லப்படும் மாடுகள் செப்டம்பரில்தான் இறங்கி வருகின்றன என்பதால், கோடையில் வரும் விருந்தினர் பெரும்பாலும் வெறும் தொழுவத்தையே காண்கின்றனர். ஏப்ரலிலோ மாடுகள் எல்லாம் கீழேயே இருப்பதால், விடியற்காலைக் கறவையையும் வைக்கோற்பரண் காலியாகி வருவதையும் கன்றுக்குப் புட்டியில் பாலூட்டுவதையும் குழந்தைகள் அருகிருந்து பார்க்கின்றனர். புல்வெளிகளுக்கு மாட்டுச் சாணக் கரைசலைத் தெளிக்கும் பருவமும் இதுவே. அதன் வாடையை எந்த விளம்பரமும் குறிப்பிடுவதில்லை.

ஞாயிறு

வியாழன் மாலையிலிருந்து ஒலிக்காதிருந்த ஆலய மணிகள் சனி இரவுத் திருவிழிப்பில் மீண்டும் ஒலித்தன. ரொட்டி, பன்றித் தொடைக்கறி, சாயமேற்றிய முட்டை ஆகியவற்றைக் கூடையில் வைத்து ஆலயத்தில் மந்திரித்து வாங்குவது திரோல் மக்களின் வழக்கம்.

திங்கள்

வின்ஷ்காவ், சூழ்ந்துள்ள மலைகள் மழையை மறிப்பதால், ஆல்ப்ஸ் பகுதியின் மிக வறண்ட பள்ளத்தாக்குகளுள் ஒன்று. பனியாற்று நீரையும் ஓடை நீரையும் சரிவின் குறுக்கே நெடுந்தொலைவு கொண்டுசெல்ல உழவர்கள் வெட்டிய வாய்க்கால்கள் ‘வால்’ எனப்படுகின்றன. அவற்றைக் காத்து, முறை வைத்து நீரைத் திறந்துவிடுபவர் ‘வாலர்’ எனப்படுகிறார், தமிழக ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்துவந்த வேலை ஏறத்தாழ இதுவே. ஓடும் நீரால் சுழலும் சிறு சக்கரமொன்று சுத்தியலைத் தட்டி ஒலியெழுப்பும்படி வாய்க்காலில் பொருத்தப்பட்டிருந்தது. ஒலி நின்றால் எங்கோ அடைப்பு அல்லது உடைப்பு என்று வாலர் தொலைவிலிருந்தே அறிந்துகொள்வார். வாய்க்கால் ஓரத்துப் பாதை ஏற்ற இறக்கமின்றிச் செல்வதால், சிறு குழந்தைகள் நடக்க மலைநாட்டில் இதைவிட ஏற்ற வழி கிடைப்பது அரிது.

செவ்வாய்

தெளிந்த வானமுள்ள இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குவதால், பூத்து நிற்கும் ஆப்பிள் மரங்களை உறைபனி தாக்குகிறது. அவ்வேளையில் உழவர்கள் தோட்டமெங்கும் தூவிகளைத் திறந்து மரங்களின் மீது நீரைத் தெளிக்கின்றனர். குளிரில் நீரூற்றுவது முரணாகத் தோன்றினும் அதன் இயற்பியல் எளியது: உறையும்போது ஒரு கிலோகிராம் நீர் ஏறத்தாழ 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை, அதாவது நிலைமாற்றத்தின்போது வெளிப்படும் வெப்பத்தை, விடுவிக்கிறது; புதிய நீர் தொடர்ந்து விழுந்து உறைந்துகொண்டிருக்கும்வரை பனிக்கட்டிக்குள் இருக்கும் பூ பூச்சியம் பாகைக்கு அருகிலேயே நின்று பிழைக்கிறது. இடையில் தூவி நின்றுவிட்டால், ஆவியாதல் பூவிலிருந்தே வெப்பத்தை இழுத்து, தெளிக்காமல் விட்டதைவிடக் கூடுதல் சேதம் விளைவிக்கலாம் என்பதால், வெயில் ஏறிப் பனி உருகும்வரை நீரை நிறுத்துவதில்லை. குடும்பம் அதிகாலையில் கீழே இறங்கிச் சென்று, ஒவ்வொரு பூவும் கண்ணாடி உறைக்குள் தெரியும் தோட்டங்களைப் பார்த்துத் திரும்புகிறது. உறக்கமிழந்த உழவருக்கு அது அழகாகத் தோன்றுமா என்பது வேறு கேள்வி.

புதன்

இப்பண்ணைகள் இன்றும் எஞ்சியிருப்பதற்கு ‘மூடிய பண்ணை’ என்ற வாரிசுரிமை முறை முக்கியக் காரணம்: நிலமும் வீடும் பிரிக்கப்படாமல் ஒரே வாரிசுக்குச் செல்கின்றன, ஏனைய உடன்பிறந்தோருக்கு, சந்தை விலையைக் கொண்டல்லாமல் விளைச்சல் மதிப்பைக் கொண்டு கணக்கிட்ட பங்கு பணமாகத் தரப்படுகிறது. பாசிச ஆட்சி 1929இல் ஒழித்த இம்முறையை மாகாணச் சட்டம் 1954இல் மீட்டது. ஆயினும் வின்ஷ்காவின் மேற்பகுதியில் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிடும் பழைய வழக்கமே நிலவியதால், அங்கு வயல்கள் துண்டு துண்டாயின. மூடிய பண்ணை முறை உடன்பிறந்தோருக்கு நேர்மையற்றது என்று குறைகூற இடமுண்டு எனினும், செங்குத்தான சரிவில் சில மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு வேறு வழி இருந்ததாகச் சொல்வது கடினம். பால் விற்ற காசு போதாத இடத்தில் விருந்தினர் தரும் வாடகை துணை நிற்கிறது.

அமைதியும் நீச்சல் குளமும் மட்டும் வேண்டுவோர் ஆகஸ்டில் விடுதிக்குச் செல்லலாம். பண்ணையைப் பண்ணையாகக் காண விரும்புவோர், மாடுகள் மலையேறும் முன், ஏப்ரலிலேயே செல்லவேண்டும்.