கொட்டகுடி ஆற்று மீனைச் சாப்பிடலாமா?

போடிநாயக்கனூருக்கு மேலே ஏலத்தோட்டங்களில் குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அடிக்கப்படுகின்றன. மீனுக்கு அவை கொடிய நஞ்சு. மருந்தடித்த டிரம்மை ஆற்றுக்கு வரும் ஓடையில் ஒருமுறை அலசினாலே போதும், அயிரையும் கெண்டையும் வயிறு வெளுத்து மிதக்கும். அப்படிச் செத்து ஒதுங்கிய மீனை யாரும் எடுக்கக்கூடாது. எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. ஆனால் ஓடையில் டிரம் கழுவும் பழக்கத்துக்குத் தடை தோட்டத்தில்தான் வரவேண்டும்.

பாதரசம் வேறு ரகம். பாதரசக் கழிவு விட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பின்னர் அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகம் கொடைக்கானல் ஏரி மீன்களைச் சோதித்தது. கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம் இருந்தது. 2006இல் ஆய்வு வெளியானது. மீனுக்கான இந்திய வரம்பு 500 மைக்ரோகிராம் என்பதால், என்றாவது தின்பவர் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அடிக்கடி தின்றால் கதை வேறு. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்குகின்றன. அது சதையிலேயே ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் தடவினாலும், புளி கரைத்துக் கொதிக்க விட்டாலும் போகாது. சிறுமீன்களைத் தின்று வளரும் விராலில் அது கூடுதலாகச் சேரும்.

அந்த ஆலைச் சரிவின் தண்ணீர் பாம்பாறு, கும்பக்கரை வழியாக வைகைக்கு வருகிறது. கொட்டகுடி ஆறும் வைகையில்தான் சேர்கிறது. வைகை மீனை ஆண்டுதோறும் சோதித்து, முடிவை மீன் விற்கும் இடத்திலேயே தமிழில் ஒட்ட வேண்டும்.